எனக்கு வராத கிக்பேக்

சங்கரன்கோவில்,
மன்மத வருஷம், ஆவணி மாதம் 4ந் தேதி.

மகாராஜராஜஸ்ரீ மைத்துனர் குருநாதன் அவர்கள் சமுகத்துக்கு, தங்கள் மூத்த தங்கை கோமதித்தாயின் புருஷன் சண்முகையா தெண்டனிட்டு எழுதிக்கொண்ட விண்ணப்பம். இவ்விடத்தில் நான், பசு, அதன் கன்று ஆகிய மூவரும் சுகம். மற்றவர்களைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதம். அவ்விடத்தில் தாங்களும் அக்காவும் குழந்தைகளும் சௌக்கியமாயிருக்கச் சங்கரநயினார் அருள் செய்வாராக. மதராஸில் நல்ல மழை என்று பேப்பரில் பார்த்தேன். இங்கே ஒரு பொட்டு இல்லை. எந்த நல்லதும் அடுத்தவன் ஊரில், அடுத்தவன் வீட்டில்தான் பெய்யும் என்று எனக்கு எப்போதோ தெரிந்துவிட்டது.

கோமதியிடமிருந்து தங்களுக்கு ஏற்கெனவே ஒரு கடிதம் வந்திருக்கும். நான் மனுப் போட்டுக் காசிராஜனை சஸ்பெண்டு செய்ய வைத்துவிட்டேன் என்று அதில் இருக்கும். அது வாஸ்தவம். அவள் வீட்டைவிட்டுப் போய்விட்டதாகவும் இருக்கும். அதுவும் வாஸ்தவம். அடுத்த வீட்டுக்குத்தான் போயிருக்கிறாள், ஆனாலும் போனது போனதுதான். மச்சான், இவ்வளவும் ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தையால் நடந்தது. தாங்கள் கோட்டையில் உத்தியோகம் பார்க்கிறவர்கள், அந்த பாஷையிலேயே புழங்குகிறவர்கள். நடந்ததை ஆதியோடந்தமாகப் படித்துவிட்டு, நான் அயோக்கியனா அல்லது வெறும் மடையனா என்று தாங்கள்தான் ஒரு முடிவு சொல்ல வேண்டும்.

காசிராஜன் எனக்குச் சகலை என்பது தாங்கள் நடத்திவைத்த விஷயம். ஒரே பந்தலில், ஒரே முகூர்த்தத்தில் நான் கோமதிக்கும் அவன் பார்வதிக்கும் தாலி கட்டினோம். அன்றைக்கே பாயசம் அவன் இலைக்கு முதலில் போனது. நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை, இருபத்துநாலு வருஷமாக ஞாபகம் மட்டும் வைத்திருக்கிறேன். பிறகு ரோடு, கிணறு, சிறு பாலம் போடும் இந்த ஆபீஸில் இரண்டு பேருக்கும் வேலை கிடைத்தது. நான் நாலு வருஷம் சீனியர், குமாஸ்தா. அவன் ஓவர்சியர். நடக்கும் வேலையைப் போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவன் அவன், அதற்கு பில் எழுதி அனுப்புகிறவன் நான். சம்பளத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனால் அவன் வீட்டுக்கு மச்சு எழும்பியது, என் வீட்டில் ஓட்டுக்கு நடுவே எலிதான் எழும்பியது. அவனுக்குப் பச்சைக் கலரில் சைக்கிள் வந்தது. அப்புறம் ரேடியோ வந்தது. சாயங்காலம் தெருவே அவன் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கும், கோமதியும் போய்விடுவாள். நான் போகமாட்டேன். பாட்டு எனக்கும் கேட்கத்தான் செய்யும், ஆனால் அவன் வீட்டுச் சுவர் வழியாக வரும் பாட்டில் எனக்கு ருசியில்லை. கான்ட்ராக்டர் பெத்துராஜ் என்று ஒருவர் இருக்கிறார், எங்கள் ஆபீஸ் வேலையில் முக்கால்வாசி அவருடையது. காசிராஜனைக் கண்டால் நடுவெயிலில் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். என்னைக் கண்டால் குடைக்குள் இருந்தபடியே, "என்ன சார்வாள், சொகந்தானா?" என்பார். சுகம்தான் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து கோமதியிடம் சண்டை பிடிப்பேன்.

இப்படியிருக்கையில் ஆனி மாதம் மதராஸிலிருந்து ஒரு ஸ்பெஷல் ஆபீசர் வந்தார். அமெரிக்காவில் படித்துவிட்டு வந்தவர், நல்ல மனுஷன், சிரித்துக்கொண்டே இருப்பார். பனவடலிசத்திரம் போகும் வழியில் ஓர் ஓடைப் பாலத்தை ஜீப்பை நிறுத்திப் பார்த்தார். கணக்குப் புஸ்தகத்தைத் தூக்கிக்கொண்டு நானும் போயிருந்தேன். பாலத்தின் மேல் இரண்டு தட்டுத் தட்டினார். தூரத்தில் நின்ற காசிராஜனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கூட வந்தவரிடம் சிரித்துக்கொண்டு இங்கிலீஷில் ஏதோ சொன்னார். என் மூன்றாம் பாரத்து இங்கிலீஷுக்கு அகப்பட்டது மூன்றே வார்த்தை: ஓவர்சியர், ஹேண்ட்ஸம், கிக்பேக். ஓவர்சியர் என்றால் காசிராஜன். ஹேண்ட்ஸம் என்றால் அழகு. இந்த இரண்டும் ஒரு வாக்கியத்தில் வருவதே எனக்குப் பொறுக்கவில்லை. காசிராஜன் முகத்தைத் தாங்களும் பார்த்திருக்கிறீர்கள். ஆகவே அழகு அவனுடையதல்ல, அவனுக்குக் கிடைக்கும் கிக்பேக்தான் அழகானது என்று ஜீப்பில் திரும்பி வரும்போதே நான் கண்டுபிடித்துவிட்டேன்.

கிக்பேக் என்றால் என்ன? பள்ளிக்கூடத்து டிக்ஷனரி பழையது, அதில் அந்த வார்த்தையே இல்லை. பிரித்துப் பார்த்தேன். கிக் என்றால் உதை, பேக் என்றால் முதுகு. முதுகில் விழும் உதை என்று வைத்துக்கொண்டால், அதை ஹேண்ட்ஸம் என்று யார் சொல்லுவார்கள்? சிரித்த முகத்தோடு யார் சொல்லுவார்கள்? பேக்குக்குத் திரும்ப என்றும் ஓர் அர்த்தம் உண்டு. பந்தை உதைத்தால் சுவரில் பட்டுத் திரும்பி வருகிறதல்லவா? அதுபோல நாம் சர்க்காருக்குச் செய்த உழைப்பு நமக்கே திரும்பி வருவது, அதாவது ஏதோ மரியாதை, புதிதாக அமெரிக்காவிலிருந்து வந்த மரியாதை. பணமும் சேர்ந்து வரும்போல. மச்சு, சைக்கிள், ரேடியோ எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் எனக்கு விளக்கம் கிடைத்துவிட்டது. இது தெரியாமல் இத்தனை வருஷம் அவன் கெட்டிக்காரன், நான் ஊதாரி என்று கோமதி நினைக்கும்படி விட்டேனே என்று வயிறு எரிந்தது. பொய் சொல்லவில்லை மச்சான், மூன்று நாள் மோரும் வெந்தயமும்தான் சாப்பிட்டேன்.

ஆத்திரப்படாமல் அவனிடமே நேரில் கேட்டுப் பார்த்தேன். கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் பல் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"ஏம் காசி, ஒனக்குக் கிக்பேக் வருதாமே?"

"என்ன பேக்கு?" என்றான்.

"கிக்பேக்குப்பா. ஆபீசரே சொன்னாரு. நல்ல அழகான கிக்பேக்காம்."

"எங்கிட்ட ஏது அண்ணாச்சி பேக்கு? சந்தைக்குப் போற மஞ்சப் பை ஒண்ணு கெடக்கு. வேணும்னா பார்வதிகிட்ட வாங்கிக்கிடுங்க."

ஒன்றுமே தெரியாதவன் மாதிரி வாயைக் கொப்புளித்துத் துப்பினான். அவனுக்கு நிஜமாகவே அந்த வார்த்தை தெரியாது என்பது இப்போது எனக்குத் தெரிகிறது. அப்போது, கூடப் பிறந்தவன் மாதிரி இருக்கிற சகலையிடமே மறைக்கிறானே, பங்கு கேட்டுவிடுவேன் என்று பயப்படுகிறானே என்றுதான் தோன்றியது. மஞ்சள் பையை வேறு எனக்குக் கொடுக்கிறானாம்.

அன்றே ஸ்பெஷல் ஆபீசருக்கு ஒரு மனு எழுதினேன். இங்கிலீஷில்தான் எழுதினேன், தங்களுக்குத் தமிழில் தருகிறேன். "கனம் பொருந்திய ஐயா, எங்கள் ஓவர்சியர் காசிராஜன் பல வருஷங்களாக ஹேண்ட்ஸம் கிக்பேக் பெற்று வருகிறார். அதே வேலைகளுக்கெல்லாம் பில் எழுதும் நான், அவருக்கு நாலு வருஷம் சீனியராயிருந்தும், இன்றுவரை ஒரு சிறு கிக்பேக்கைக்கூடக் கண்ணால் கண்டதில்லை. எனக்கும் குடும்பம் இருக்கிறது. ஆகையால் அவருடைய கிக்பேக்கில் பாதியை எனக்குத் திருப்பிவிடவும், அது சட்டப்படி முடியாதென்றால் வருஷத்துக்கு ஒருவராக மாற்றி மாற்றிக் கொடுக்கவும் உத்தரவாக வேண்டும்." இதை ஆபீஸில் டைப் அடிக்கும் மைதீன் பாட்சாவிடம் கொடுத்தேன். கடையநல்லூர்க்காரர், இங்கிலீஷ் நாவலெல்லாம் வாசிப்பவர், தங்கமான மனுஷர். பாதி அடித்தவர் கையை எடுத்துவிட்டார்.

"அண்ணாச்சி, இதை நெசமாவே அனுப்பப் போறியளா?"

"பின்னே என்னத்துக்கு எழுதுதேன்?"

"நல்லா யோசிச்சுக்கிடுங்க. அவரு ஒங்க சகலையில்லா?"

"சகலையா இருந்தா? எத்தனை வருசம் வே பொறுக்கது? ஒருத்தன் மட்டும் வாங்கிக்கிட்டே இருப்பான், நான் பாத்துக்கிட்டே இருக்கணுமோ? அடியும் வே."

அவர் எழுந்து நின்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "ஒங்களுக்குள்ள தைரியம் இந்த ஆபீஸ்ல ஒருத்தனுக்கும் கெடையாது அண்ணாச்சி. அல்லா ஒங்களைக் காப்பாத்தட்டும்" என்றார். ஒரு மனு போடுவதற்கு இவ்வளவு எதற்கு என்று நினைத்தேன். தமக்கும் கிடைக்கவில்லையே என்ற ஏக்கமாக்கும் என்று, அவருக்கும் ஒரு பங்கு கேட்டு ஒரு வரி சேர்க்கலாமா என்றுகூடக் கேட்டேன். "என்னைய விட்டுருங்க, எனக்குப் பிள்ளைகுட்டி இருக்கு" என்று விழுந்தடித்து உட்கார்ந்துவிட்டார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை. பொறாமை ஏறி நிற்கிறவனுக்குக் காது இருக்கும், கேட்காது.

ஆடித்தபசுத் திருவிழா கழிந்த மூன்றாம் நாள் ஸ்பெஷல் ஆபீசரின் ஜீப் மறுபடியும் வந்தது. கையில் என் மனு. நேரே என் மேஜைக்கு வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். "மிஸ்டர் சண்முகையா, இப்படி ஒரு நையாண்டியை நான் அமெரிக்காவிலேகூடப் படிச்சதில்லை. 'எனக்கும் குடும்பம் இருக்கிறது' என்கிற வரியை என் மேலதிகாரிக்கு வாசிச்சுக் காட்டினேன், அவர் விழுந்து விழுந்து சிரிச்சார். சகலை என்றும் பார்க்காமல் எழுதினீங்களே" என்றார். எல்லோரையும் அந்த ஓடைப் பாலத்துக்கு அழைத்துக்கொண்டு போனார். கைத்தடியால் கைப்பிடிச் சுவரை ஒரு குத்துக் குத்தினார். பொலபொலவென்று மணல் கொட்டியது. சிமெண்டு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓடை மணல். இன்னொரு குத்து. சுவர் சரிந்து ஓடைக்குள் விழுந்தது. நல்லவேளை, ஓடையில் தண்ணீர் இல்லை, நம் ஊரில் எந்த ஓடையில் இருக்கிறது? அதற்கு முந்தின வாரம்தான் அந்தச் சுவரில் சாய்ந்து நின்று ஆடு மேய்க்கிறவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்ததை நான் பஸ்ஸில் போகும்போது பார்த்தேன். அது ஞாபகம் வந்ததும் நான் இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றேன்.

ஆபீசர் எல்லோருக்கும் புரியும்படி தமிழில் சொன்னார். கான்ட்ராக்டர் சர்க்காரிடம் பணம் வாங்குகிறார், அதில் ஒரு பகுதியை, வேலையைக் கண்ணை மூடிக்கொண்டு பாஸ் பண்ணுகிறவருக்கு ரகசியமாக உதைத்துத் திருப்பிவிடுகிறார். கொடுத்த பணம் பின்வாசல் வழியாகத் திரும்பி வருவதால் அமெரிக்காவில் பேச்சு வழக்கில் அதற்குக் கிக்பேக் என்று பெயர். தப்பான வரும்படிக்கு அவர்கள் கேலியாக வைத்த பெயர் இது, தொகை பெரிதாயிருந்தால் ஹேண்ட்ஸம் என்பார்கள் என்றார். மச்சான், நமக்கு எத்தனை வார்த்தை இருக்கிறது! மாமூல் இருக்கிறது, கைக்கூலி இருக்கிறது, லஞ்சம் இருக்கிறது. பெத்துராஜ் பாஷையில் 'கவனிப்பு' இருக்கிறது. இதில் ஒன்றை அந்த மனுஷன் அன்றைக்கே சொல்லியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும், நானும் முகத்தைச் சுளித்துவிட்டு என் ஓட்டு வீட்டுக்குப் பெருமையாகப் போயிருப்பேன்.

அர்த்தம் தெரிந்ததும் காசிராஜன் என்னைத் திரும்பிப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமல் மூடிக்கொண்டான். "நீங்க ஏதாவது சொல்ல வேண்டியது இருக்கா?" என்று ஆபீசர் கேட்டார். "ஒண்ணுமில்லீங்க ஐயா. எம் பேர்ல உள்ள தப்புதான். வேற யாரையும் இதுல இழுக்காண்டாம்" என்றான். கூட வந்திருந்த பெத்துராஜ் குடையைத் தலைக்கு மேல் விரித்துவிட்டார், வெயிலுக்கா முகத்தை மறைக்கவா என்று தெரியவில்லை. அங்கேயே சஸ்பெண்டு உத்தரவு ஆனது.

இப்போது தங்களிடம் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அந்த நிமிஷம் நான் வாயைத் திறந்திருக்கலாம். "ஐயா, எனக்கு அர்த்தம் தெரியாது, மரியாதை என்று நினைத்து நானும் கேட்டேன்" என்று சொல்லியிருந்தால் எல்லோரும் சிரித்திருப்பார்கள், நான் மடையனாகியிருப்பேன், ஆனால் காட்டிக்கொடுத்தவன் ஆகியிருக்கமாட்டேன். ஆபீசர் என் தோளில் கை போட்டிருந்தார். இருபத்துநாலு வருஷத்தில் காசிராஜன் பார்த்துக்கொண்டிருக்க என் தோளில் ஒருவர் கை போட்டது அதுதான் முதல் தடவை. அந்தக் கையை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்தால் கோமதி வாசலில் நிற்கிறாள். சேதி எனக்கு முன்னால் வந்துவிட்டது. "ஒம்ம தலையில நீரே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டீரே! என்ன எளவுக்கு வே ஒமக்கு இங்கிலீசு?" என்று கேட்டாள். நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். "அர்த்தம் தெரியாம எழுதுனீராக்கும்? கேக்கவ கேனச்சியா இருந்தா எதுவும் சொல்லுவீரு" என்று இரண்டு சேலையைச் சுருட்டிக்கொண்டு பார்வதி வீட்டுக்குப் போய்விட்டாள். அன்று முதல் நானேதான் உலை வைக்கிறேன். அவள் குரல் சுவர் வழியாகக் கேட்கிறது. ரேடியோவைவிடத் தெளிவாகக் கேட்கிறது.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. சஸ்பெண்டு ஆனவன் வீட்டுக்கு ஜனம் குவிகிறது மச்சான். மேலநீலிதநல்லூரிலிருந்து கருப்பட்டி வருகிறது, கரிவலம்வந்தநல்லூரிலிருந்து ஒரு கூடை கத்தரிக்காய் வருகிறது. "நல்ல மனுசனுக்கு இப்படி வந்துட்டே" என்று அழுதுவிட்டுப் போகிறார்கள். யோக்கியன் என்று சர்க்காரே கையைப் பிடித்துக் குலுக்கிய என் வீட்டுக்கு ஒரு காக்கை வரவில்லை. கடைத்தெருவில் நான் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. நாவிதர் சவரம் செய்யும்போது ஒரு வார்த்தை பேசுவதில்லை, எதை எந்த மனுவில் எழுதிவிடுவேனோ என்று பயம். பார்வதி மட்டும் நேற்றுச் சுவர் மேல் ஒரு கிண்ணம் ரசம் வைத்துவிட்டுப் போனாள், முகத்தைப் பார்க்கவில்லை. ரசம் நன்றாக இருந்தது. அதுவும் அவன் வீட்டு ரசம்.

ஆகையால் தாங்கள் தயவுசெய்து இரண்டு காரியம் செய்ய வேண்டும். ஒன்று, விவரம் தெரியாதவனுக்குக் கிக்பேக் என்ற வார்த்தை மரியாதை போலத் தோன்றுவது சகஜம்தான் என்று தங்கள் கையால் கோமதிக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். நான் சொன்னால் நம்பாதவள் அண்ணன் சொன்னால் நம்புவாள். இரண்டு, கோட்டையில் யாரையாவது பிடித்துக் காசிராஜனுக்கு வேலை போகாமல், வெளியூருக்கு மாற்றலோடு தீரும்படி பார்க்க வேண்டும். எந்த ஊரானாலும் சரி, குற்றாலம் பக்கம் மட்டும் வேண்டாம். அங்கே போனால் தினமும் அருவியில் குளித்துக்கொண்டு சொகுசாக இருப்பான், அதையும் என்னால் தாங்க முடியாது.

அக்காவுக்கு என் வந்தனம். மூத்தவனுக்குப் பரீட்சையில் நல்ல மார்க்கு வரவும், சின்னவளுக்கு இருமல் நிற்கவும் கோமதியம்பாளை வேண்டிக்கொள்கிறேன். கோவில் புற்றுமண் கொஞ்சம் இத்துடன் மடித்து வைத்திருக்கிறேன், பூசிவிடவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புக்கும் மன்னிப்புக்கும் பாத்திரனான,
சண்முகையா.

பின்குறிப்பு: உறையை ஒட்டும் சமயத்தில் மிச்சச் சேலைகளை எடுத்துப்போகக் கோமதி வந்தாள். என் மனசு அவளுக்குத் தெரியட்டும் என்று மேலே உள்ளதை முழுக்க வாசித்துக் காட்டினேன். "கண்ணால் கண்டதில்லை" என்ற இடத்தில் சிரிக்க ஆரம்பித்தவள், சிரித்துச் சிரித்து அழுதுவிட்டாள். பிறகு சொன்னாள்: ஏழு வருஷமாக ஒவ்வொரு பில்லுக்கும் பெத்துராஜ் என் பங்கை ஒதுக்கிக் காசிராஜனிடம் கொடுத்திருக்கிறார், அவன் பார்வதியிடம் கொடுக்க, அவள் கோமதியிடம் கொடுத்திருக்கிறாள். "ஒம்ம கையில கொடுத்தா நீரு தெருவுல நின்னு சத்தம் போடுவீரு. நம்ம மக கலியாணம் பெறகு எப்படி வே நடந்துது, ஒம்ம சம்பளத்துலயா?" என்றாள். பில் எழுதுகிறவனுக்குத்தான் ரேட்டு கூடவாம். காசிராஜனுக்கு வந்ததைவிட எனக்கு வந்ததுதான் ஹேண்ட்ஸம்.

அவன் அன்றைக்குப் பாலத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் அவனோடு போயிருப்பேன். சொல்லவில்லை. எனக்கு அவன் மேல் இப்போது இருக்கிற பொறாமை இதற்கு முன்னால் இருந்ததே இல்லை.

தாங்கள் கோமதிக்குக் கடிதம் எழுத வேண்டியதில்லை, அவள் உலை வைத்துக்கொண்டிருக்கிறாள். கோட்டையில் யாரையும் பிடிக்கவும் வேண்டாம். ஆபீசருக்கு இன்னொரு மனு எழுதி முடித்துவிட்டேன், எனக்கு வந்த பங்கையும் ஒப்புக்கொண்டு. மைதீன் பாட்சாவுக்குச் சிரமம் வைக்கவில்லை, தமிழிலேயே எழுதியிருக்கிறேன். கோமதி அதைப் பிடுங்கப் பார்த்தாள், கொடுக்கவில்லை. இந்தக் கடிதத்தையும் அதையும் சேர்த்தே இப்போது தபாலில் போடப் போகிறேன். நான் கிளம்புவதைப் பார்த்துவிட்டுக் காசிராஜன் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று வாசலில் நிற்கிறான். எங்கே போகிறேன், என்ன போடப் போகிறேன் என்று அவனிடம் இன்னும் சொல்லவில்லை.